மாமியார்மேல் விழுந்த வெளிச்சம்

மூன்றாவது ஒத்திகையிலும் வெளிச்சம் கதாநாயகியை விட்டுவிட்டு அவளுடைய தாயின் முகத்தில்தான் விழுந்தது.

முதன்முறையாகக் கதாநாயகி வேடமேற்றிருந்தவள் மாப்பிள்ளையின் மனைவி. தாயாக நடித்தவர் அவளுடைய சொந்தத் தாய், அதாவது மாப்பிள்ளையின் மாமியார். போதாததற்கு இயக்குநரும் அவரே. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் மாப்பிள்ளையோ, மேடை விளக்குகளைத் தம் கணினியே இயக்கும் என்று வீட்டில் மார்தட்டியிருந்தார்.

"சாயங்காலம் நாடகத்துல என் முகம் தெரியலைன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மனைவி.

மாப்பிள்ளை நோயைக் கண்டுபிடித்துவிட்டார். எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்ற எண்களை அவருடைய நிரல் ஒரே வரிசையாக வைத்திருந்தது. விளக்குகளோடு பேசத் தெரிந்ததோ, சி என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட, 'நூலகம்' எனப்படும் பழைய நிரல்தொகுப்பு ஒன்றுக்கு மட்டுமே. அதனிடம் வரிசை இருக்கும் முகவரியைக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் நிரலின் பக்கத்தில் கணினியின் நினைவகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு; அது நினைத்த நேரத்தில் வரிசையைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிடும். நூலகம் பழைய முகவரிக்கே போய், அங்கே கிடக்கும் குப்பையை அள்ளி விளக்குகளுக்குக் கொடுக்கும்.

"வீடு மாத்தினதை போஸ்ட்மேனுக்குச் சொல்லாத கதை," என்று விளக்குக்காரருக்கு விளக்கினார். விளக்குக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாப்பிள்ளை இடங்கொடுக்கவில்லை.

வரிசை நகராதபடி அதற்கு ஆணியடித்தார். மேடையில் மாமியார் தாடையைச் சற்றே உயர்த்தினார். அவர்மேல் இன்னொரு விளக்கு எரிந்தது.

நிரலிலிருந்த எல்லா வரிசைகளுக்கும் ஆணியடித்தார். பெருக்க இடமில்லாமல் கணினி மூச்சுத் திணறியது. மாமியாரின் தாடை மேலும் உயர்ந்தது. மனைவி நின்ற பக்கம் இருண்டது.

"நீங்க கட்டிக்கிட்டது என்னையா, எங்கம்மாவையா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆணிகளைப் பிடுங்கியெறிந்துவிட்டு, வரிசையை நகலெடுத்து நூலகத்தின் சொந்த இடத்திலேயே வைத்தார். மாமியார் தாடையை வானத்துக்கே தூக்கினார். அரங்கின் விளக்குகள் அத்தனையும் அவரைச் சூழ்ந்து ஜொலித்தன.

"பதறாதீங்க மாப்பிள்ளை," என்றார் அவர், வழக்கத்துக்கு மாறான கனிவோடு. "இப்பதான் சரியான வழிக்கு வந்திருக்கீங்க."

மனைவி ஒப்பனை கலையாமலேயே பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். மாப்பிள்ளை தலையில் கைவைத்து விளக்குக்காரரின் அருகில் அமர்ந்தார்.

"அண்ணே, நூலகம் வரைக்கும் எண்ணெல்லாம் ஒழுங்காத்தான் போகுது. அதுக்கப்புறம் உங்க விளக்குக்குள்ள என்னதான் நடக்குது?"

விளக்குக்காரர் கணினியையும் விளக்குகளையும் இணைக்க வேண்டிய, மேசைக்கடியில் சுருண்டு கிடந்த வயரைக் காலால் நகர்த்திக் காட்டினார்.

"இதை முதல் ஒத்திகைக்கே அம்மா கழட்டச் சொல்லிட்டாங்க சார், அவங்க தாடையைத் தூக்கத் தூக்க, நான்தான் கையால ஒவ்வொண்ணாப் போட்டுட்டிருக்கேன்."