மருந்துச் சக்கையில் ஒற்றைக் கால்

சாங்ஷா
மழை விட்டும் எதுவும் காயாத செவ்வாய்க்கிழமை

குழந்தை வைத்தியத்துக்குப் பேர்போன, எங்கள் அத்தைக்கு மட்டும் ஆகாத, பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வென்சி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதப் பேனாவை ஊன்றினேன், பக்கத்து அறையில் தம்பி துவான் தும்மினான். ஆகவே ஒருவரைத் தவிர அனைவரும் சுகம். அங்கே நீங்கள், மாமி, குட்டி நிங் மூவரையும் சளி, இருமல், அத்தையின் வாய் எதுவும் அண்டாதிருக்க வேண்டுகிறேன்.

கைபேசிக் காலத்தில் காகிதம் எதற்கு என்பீர்கள். குடும்பக் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியது நீங்கள்தான். குளிர்காலத்தில் சளி பிடிக்கக் கூடாதென்று கோடை உச்சத்திலேயே அத்தை துவான் முதுகில் மூலிகை ஒட்டுப் போட்டாள். தோல் சிவந்தது. "குழந்தை முதுகு என்ன சுவரா, போஸ்டர் ஒட்ட?" என்று நீங்கள் கேட்டீர்கள். "ஊசி குத்துறவருக்கு ஒட்டுறதப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் அத்தை. அவள் ஒட்டிய ஒட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒட்டுறவு போயிற்று. தனியாக உங்களுக்கு அனுப்பலாம் என்றால், என் கைபேசி அம்மாவின் அலமாரியில் சிறையிருக்கிறது. காரணம் கீழே வருகிறது, படித்துவிட்டு நீங்களும் திட்டலாம்.

போன குளிர்காலம் துவானுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அவனுடைய சின்ன நீல ஷூவில் வலது கால் அங்கேதான் தொலைந்தது. இடதைத் தூக்கிப் போட மனசில்லாமல் அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். இந்தக் குளிர்காலம் அவனை அந்தக் கட்டிலில் படுக்க விடுவதில்லை என்பது அவள் சபதம். அதனால் யாரையும் பகைக்காமல் நீங்கள் சொன்ன தடுப்பூசி, வைட்டமின் சொட்டு எல்லாம் ஒரு பக்கம், மூலிகைக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் அத்தையின் கஷாயம் மறுபக்கம். கஷாயக் கிண்ணத்தைப் பார்த்தாலே துவான் முகத்தின் சாயம் மாறும். அதிமதுரம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், சிவப்பு இலந்தை எல்லாம் கொதித்து, வீடே ஒரு பழைய பெட்டியைத் திறந்த மாதிரி மணக்கும்.

கொதித்த சக்கையை வெளியே கொட்டுவது என் வேலை. எங்கே கொட்ட வேண்டும் என்பதில் அத்தை கறார். "குப்பையில போடாதடி. நாலு பேர் நடக்குற பாதையில கொட்டு. மிதிக்கிறவன் நோயை எடுத்துக்கிட்டுப் போயிடுவான்." "மிதிக்கிறவன் பாவமில்லையா அத்தை?" என்றேன். "உனக்குத் தம்பி வேணுமா, ஊரான் வேணுமா?" என்றாள். இதற்கு உங்கள் படிப்பில் பதில் இருந்தால் எழுதவும்.

எனக்கு ஊரான்களில் ஒருவரை வேண்டவே வேண்டாம். கீழ்த்தளத்து ஃபான் தாத்தா. என் பந்து, என் பாட்டு, என் மூச்சு எல்லாவற்றையும் பற்றிக் குடியிருப்பு நிர்வாகத்திடம் புகார் சொல்பவர். சனிக்கிழமை மத்தியானம், வளாகமே தூங்கிக்கொண்டிருந்தபோது, சூடு ஆறாத சக்கையில் அந்த இடது ஷூவை அழுத்தி அழுத்தி, எங்கள் படிக்கட்டிலிருந்து அவர் வாசல் வரை சின்னச் சின்னக் காலடிகளாகப் பதித்தேன். எல்லாம் இடது கால். கலை என்றால் அதுதான் மாமா.

சாயங்காலம் அவர் எங்கள் கதவைத் தட்டினார். கத்துவார் என்று காதைப் பொத்தத் தயாரானேன். கத்தவில்லை. "ஒரு குழந்தை ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு என் வாசலுக்கு வந்திருக்கு. திரும்பிப் போன தடமே இல்ல. வீடு முழுக்கத் தேடிட்டேன்" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல், எங்கள் பின்னாலிருந்த இருட்டுக் கூடத்தைப் பார்த்து. நான் சிரிப்பை அடக்கப் போய் அம்மாவிடம் மாட்டினேன். கைபேசி போயிற்று.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், திரும்பிப் போகும் தடம் இருந்தது. ஃபான் தாத்தா வாசலிலிருந்து முற்றத்தைக் கடந்து, படியேறி, எங்கள் வாசல் மிதியடி வரைக்கும். நான் பதித்தவை காய்ந்து உதிர்ந்துவிட்டன. இவை ஈரமாக இருந்தன. குனிந்தால் அதிமதுர வாசம். நான் செய்யவில்லை என்றேன். என் சரித்திரம் தெரிந்த வீட்டில் யார் நம்புவார்கள்? ஃபான் தாத்தா மட்டும் சத்தமில்லாமல் படம் எடுத்துக்கொண்டார்.

மத்தியானமே துவானுக்குக் காய்ச்சல். கை வைத்தால் சுட்டது. "பாரு, அனுப்பின நோய் வீடு தெரிஞ்சு திரும்பி வந்திருக்கு" என்றாள் அத்தை. அதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு முடியவில்லை. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா காய்ச்சல் சிரப் கொடுத்துவிட்டு வண்டி பிடிக்கப் போனாள். அந்த இடைவெளியில் அத்தை சமையலறையில் ஒரு பொட்டலத்தைக் கிழித்து வெந்நீரில் கலக்கினாள். "வெறும் மூலிகைதான், உங்கம்மாகிட்ட சொல்லாத." பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்து. மூலிகைப் பெயர்களுக்கெல்லாம் கடைசியில், வரிசையில் பின்னால் நிற்கும் திருடன் மாதிரி, பாரசிட்டமால். அம்மாவின் சிரப்பிலும் அதேதான். கிண்ணத்தைப் பிடுங்கிக் கழுவு தொட்டியில் ஊற்றினேன். அத்தை அடிக்கக் கையை ஓங்கினாள், நான் எழுத்தைக் காட்டினேன், ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். மூலிகையை நிறுத்தே பழகியவள் பொட்டலத்தைப் படித்துப் பழகவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி. துவான் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டாள். அம்மா மூச்சே விடவில்லை. "நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதாரணக் காய்ச்சல்தான்" என்றாள் கடைசியில். பொட்டலக் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "ரெண்டு வைத்தியமும் பாருங்க, நான் வேண்டாங்கல. ஆனா ஒருத்தர் கொடுக்குறது இன்னொருத்தருக்குத் தெரியணும். ஈரல் ஒண்ணுதான இருக்கு பிள்ளைக்கு?" அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள். வரலாற்றில் அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

அங்கேயே மெல்லத் துவானிடம் கேட்டேன், "காலையில முற்றத்துல நடந்தது நீயாடா?" ஆமாம் என்று தலையாட்டினான். ஃபான் தாத்தா வளர்க்கும் ஆமையைப் பார்க்கப் போனானாம், சக்கையை மிதித்தானாம். "அவன்கூட வந்தேன்" என்றான். "எவன்கூட?" "ஷூக்காரன்கூட. அவன் இங்கேருந்துதான் வந்தான்." ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைக் காட்டினான். காய்ச்சல் உளறல் என்று அம்மா அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தன் நோயைத் தானே மிதிச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கு, மக்கு" என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். நேற்றே காய்ச்சல் இறங்கிவிட்டது. கதை அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை. குழுவுக்குத் திரும்பி வாருங்கள், அத்தை இப்போது எல்லாப் பொட்டலத்தையும் சத்தமாக வாசிக்கிறாள், கேட்கவே தமாஷாக இருக்கிறது.

மாமிக்கு என் வணக்கம். நிங்குக் குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் வாசலுக்கு நல்லது மட்டுமே நடந்து வரட்டும்.

இப்படிக்கு,
திருந்தியதாக எல்லோரும் நம்பும்
வென்சி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு ஃபான் தாத்தா வந்து, எடுத்த படத்தை என்னிடம் மட்டும் காட்டினார். திரும்பி வந்த தடங்கள் எல்லாமே வலது கால். துவானுக்கு இரண்டு காலும் இருக்கிறதே மாமா. அதுவும், அது அவனுடைய இப்போதைய அளவு இல்லை, போன வருஷத்து அளவு. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அட, அதச் சொல்ல மறந்துட்டேனே" என்றாள் சிரித்துக்கொண்டு. தொலைந்த வலது ஷூ ஞாயிறு காலை எங்கள் மிதியடிக்கு அடியில் கிடந்ததாம், சொட்டச் சொட்ட. ஜோடி சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் துவைத்து, துவானுக்குத்தான் சின்னதாகிவிட்டதே, நிங்குக்குச் சரியாக இருக்கும் என்று நேற்றே உங்களுக்குப் பார்சல் அனுப்பிவிட்டாளாம். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். பார்சல் முந்திக்கொண்டால், முதலில் வாசலைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பார்சலைத் திறக்கலாம்.