சங்கு அண்ணாச்சி பெண் பார்த்த அருவி

எண்பதுகளில் இராஜபாளையத்தில் ஒரு ரகசியம்கூட உயிரோடு இருந்ததில்லை. எல்லாவற்றையும் தன்னந்தனியாகத் தீர்த்துக்கட்டியவர் சங்கு அண்ணாச்சி.

மில்லில் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தோம். மில் சங்காவது ஒரு நாளைக்கு மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளும். அண்ணாச்சிக்குப் பதினைந்து வருஷமாக நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் வேலை. அங்கே மெஷின் போடும் இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் காதருகே கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் ஜாடை காட்ட வேண்டும். ஜாடையை மில்லிலேயே விட்டுவிட்டு, கத்தலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார் அவர்.

அதே மில்லில் ஆள் வருகை எழுதும் டைம் ஆபீசில் நானும் செல்வராஜும். மூன்று பேருக்கும் ஒரே மாடி அறை. எங்கள் காதுகளின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை மூலத்துக்கு மருந்து கேட்டு டாக்டரிடம் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, மிகவும் அந்தரங்கமாகத்தான் சொன்னார். வெளியே வந்தவர் முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, துத்தி இலைய வதக்கிச் சாப்பிடுங்க, பத்து நாள்ல கேக்கும்" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். சினிமாவில் இன்னும் மோசம். கொலை விழுந்த ஐந்தாவது நிமிஷம், "தம்பிக்காரன்தாம்லே கொன்னது" என்று என் காதில் கிசுகிசுத்தார். பால்கனியில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெண் பார்க்கப் போன இடங்களில்தான் இந்த வேடிக்கை செல்லுபடியாகவில்லை. வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. சேத்தூரில் "காபி நல்லாருக்கு" என்றார். தொழுவத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னோர் இடத்தில் பெண்ணின் பெயரைத்தான் கேட்டார், அது அழ ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை முரடு என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஒரு கோழியைக்கூட 'சூ' என்று விரட்டாத மனிதர் அவர்.

"ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு இடம் வந்திருக்கு. இதுவும் இல்லன்னு ஆச்சுன்னா, பொறவு என்னைய எங்கயும் கூப்பிடாதீக."

துக்கமாகத்தான் சொன்னார். எதிர்வீட்டில் இட்லி அவித்துக்கொண்டிருந்த அம்மாள், "அப்படிச் சொல்லாதீக அண்ணாச்சி" என்று அடுப்படியிலிருந்தே ஆறுதல் சொன்னாள்.

செல்வராஜுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. பெண் வீட்டார் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வருகிறார்கள். கோயிலைத் தாண்டினால் ஒரு சின்ன அருவி. "அருவிக்குக் கீழ வச்சுப் பாக்கச் சொல்லுவோம். அங்கன எல்லாரும் கத்தித்தான் பேசணும். அண்ணாச்சி சத்தம் தண்ணியோட போயிரும்." முந்தின ஞாயிறு, நல்ல மழைக்குப் பிறகு அவன் அங்கே குளித்திருந்தான். காது அடைக்கிற மாதிரி விழுந்ததாம்.

வழி ஒன்றும் பிரமாதமில்லை. மாந்தோப்பு, ஒரு ஓடை, மறுபடியும் அதே ஓடை, கொஞ்சம் பாறை. கைக்குழந்தைக்காரிகள்கூட அரைமணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். அந்த அரைமணி நேரமும் அண்ணாச்சி வாயைத் திறக்கக்கூடாது என்பது செல்வராஜின் கட்டளை. இஸ்திரி போட்ட சட்டையும் வாயில் பொத்திய கைக்குட்டையுமாக அவர் நடந்ததைப் பார்த்து, எதிரே வந்த ஒருவர் பல்வலியா என்று விசாரித்தார். அண்ணாச்சி பரிதாபமாகத் தலையாட்டினார்.

போய்ப் பார்த்தால் அருவியைக் காணோம். பாறை மட்டும் இருந்தது. அதன்மேல், தெருக்குழாயில் கடைசிக் குடம் பிடிக்கும்போது வருமே, அவ்வளவு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குருவி கத்தியது தெளிவாகக் கேட்டது. செல்வராஜ் எச்சில் விழுங்கியதும் கேட்டது.

கீழே பாறையில் பெண், அவள் அம்மா, தாய்மாமன். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிச் செட்டில் வேலை பார்க்கிற பெண்.

"மாப்பிள்ளைக்கு எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார் மாமன்.

"ஸ்பின்னிங்" என்றான் செல்வராஜ்.

"எத்தன வருசமா?"

"பதினஞ்சு" என்றேன் நான்.

மாமன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அவிய பேசமாட்டாகளா?"

"மௌன விரதம்" என்றான் செல்வராஜ்.

"பொண்ணு பாக்க வாரன்னைக்கா விரதம்?" மாமன் தன் அக்கா பக்கம் திரும்பினார். "யக்கா, ஊமைய மறைச்சுக் கூட்டியாந்துட்டானுவ."

அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது. வாயைத் திறந்தாலும் போச்சு, திறக்காவிட்டாலும் போச்சு.

அப்போது அந்தப் பெண் கையைத் தூக்கினாள். நூல் திரிக்கிற மாதிரி இரண்டு விரலை முறுக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அண்ணாச்சியின் கை தானாக எழுந்து பதில் சொன்னது. அவள் என்னவோ கேட்டாள், அவர் என்னவோ சொன்னார். தறிச் செட்டிலும் அதே இரைச்சல், அதே ஜாடை. டைம் ஆபீஸ்காரர்களான எங்களுக்கு அந்தப் பாஷையில் அ, ஆ கூடத் தெரியாது. அண்ணாச்சி பேசி எங்களுக்கு விளங்காமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கடைசியில் அவர் தொண்டையைத் தொட்டு, இரண்டு கையையும் அகல விரித்து, தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னட்டி சிரிக்க?" என்றாள் அம்மா.

"ஊமையெல்லாம் இல்லம்மா. அவிய பேசுனா ரொம்பச் சத்தமா இருக்குமாம். அதான் ஒரு இடமும் அமையலையாம். மறைக்க மனசில்லன்னு சொல்லுதாக."

நாங்கள் இரண்டு பேரும் விரதமென்று சொல்லி மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்க, மனிதர் சத்தமில்லாமல் உண்மையைச் சொல்லி முடித்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எங்க, ஒரு வார்த்த பேசச் சொல்லு, எம்புட்டுச் சத்தம்னு பாப்போம்" என்றார் மாமன்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"பிடிச்சிருக்கு!"

மலை அதை வாங்கி மூன்று தடவை திருப்பிச் சொன்னது. மரத்திலிருந்த குரங்குகள் அத்தனையும் அடுத்த மரத்துக்குத் தாவின. மாமன் பாசியில் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எங்க தறிக்கு இது கம்மிதாம்மா" என்றாள்.

இறங்கும்போது அண்ணாச்சியை யாரும் வாயைப் பொத்தச் சொல்லவில்லை. அவள் சிரித்தது, அவள் கேட்டது, இவர் சொன்னது, கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று தோப்பு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டே வந்தார். எனக்கு இடது காது அடைத்துக்கொண்டது. கொஞ்சம் தள்ளி நடந்திருக்கலாம், மனசு வரவில்லை.