விமானத்தைப் பழசாக்கியவன்

“என்னடா இது, கவர் பிரிக்காத ஃபிரிட்ஜ் மாதிரி பளபளன்னு இருக்கு?” என்றாள் அக்கா.

செட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேஜை மேல் நின்றது ஒரு குண்டுவீச்சு விமானம். நிஜமானதல்ல, பெட்டியில் துண்டு துண்டாக வாங்கி ஒட்டிய பிளாஸ்டிக் மாடல். ஆனாலும் இறக்கைகள் மேஜையின் இரண்டு ஓரத்தையும் தொட்டன. எல்லாம் முடிந்து, விமானி அறையின் கண்ணாடி மூடியை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அந்த அறைக்குள்தான் அக்கா இப்போது மூக்கை நுழைத்திருந்தாள்.

“பளபளன்னு இருந்தா நல்லதுதானே?”

“சண்டைக்குப் போய் குண்டு போட்டுட்டு வந்த விமானம்ங்கறே. உள்ள ஒரு கீறல் இல்ல, ஒரு அழுக்கு இல்ல. விருந்தாளி வர்றாங்கன்னு துடைச்சு வச்ச வீடு மாதிரி இருக்கு. பார்த்தவுடனே பொம்மைன்னு தெரியுதுடா.”

செட்டு குனிந்து உள்ளே பார்த்தான். அக்கா சொன்னது உண்மை.

செட்டு என்பது அவன் பெயரல்ல. பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அதனால் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவன் செட்டு. கூடப்பிறந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள், வேறு யாரைக் குறை சொல்ல?

இந்தச் செட்டுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் மேல் உயிர். அவளுக்கும் அப்படியே. இடையில் நின்றது அவளுடைய அப்பாவின் மீசை. முதல் சந்திப்பில் அந்த மீசைக்காரர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அடுத்தவன் வாயில வைக்கிறதைச் செய்யறதெல்லாம் ஒரு பொழப்பா தம்பி?” என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செட்டு சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு பழைய புகைப்படம். ராணுவச் சீருடையில் மீசைக்காரர், வாலிப வயசில். குண்டு விமானத்தின் ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டி, புதுக் கார் வாங்கியவர் போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகா, மனுஷர் விமானி! செட்டு அப்போதே முடிவு செய்துவிட்டான். அவர் ஓட்டிய அதே விமானத்தைச் செய்து அவர் கையில் கொடுத்தால் உருகாமலா போவார்? யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ரகசியம் உடைந்துவிடும் என்று, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கூட வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்கு மாலை மீசைக்காரரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வருகிறார்கள். “கடைசியா ஒரு தடவை பையனைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்” என்றிருக்கிறார். “அப்பா முடியாதுன்னு ஒரு தடவை சொல்லிட்டா அவ்வளவுதான், அப்புறம் பூமியே புரண்டாலும் மாத்திக்க மாட்டாரு” என்று காலையில் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள் அவள்.

“இப்ப என்னக்கா பண்றது?”

“என்னைக் கேட்டா? நான் பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். கிழவியைக் குமரியாக்கத்தான் எனக்குத் தெரியும். குமரியைக் கிழவியாக்குறது உன் பாடு.”

வழி செட்டுக்குத் தெரியாமல் இல்லை. மாடல் விமானம் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கறுப்பு வண்ணத்தைத் தண்ணியாகக் கரைத்து, தூரிகை நுனியால் மூலைமுடுக்குகளில் விட வேண்டும். இடுக்குகளில் அது அழுக்கு மாதிரி தங்கிவிடும். மேலே பட்டதைத் துடைத்துவிடலாம். பல்லுக்குப் பல் இடுக்கு வரைகிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

கரைத்தான். தூரிகையைத் தோய்த்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“பார்த்துடா!” என்றாள் அக்கா, காதுக்குப் பக்கத்தில்.

சொட்டு விழவில்லை, குளமே விழுந்தது. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒற்றை முடித் தூரிகையால் முள் முள்ளாக வரைந்த மீட்டர்கள் அத்தனையும் கறுப்பில் முழுகின. உயரம் காட்டுகிற மீட்டர் எது, எண்ணெய் காட்டுகிற மீட்டர் எது என்று பிரம்மாவுக்குக் கூடத் தெரியாது.

“ஐயையோ! அக்கா!”

“நான் பார்த்துன்னுதானே சொன்னேன்?”

“துடைக்கணும், சீக்கிரம் துடைக்கணும்... தின்னர் எங்க?”

மேஜை மேல் இரண்டு பழுப்பு பாட்டில்கள் இருந்தன. ஒன்று வண்ணத்தைக் கரைக்கிற தின்னர். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரரின் உடைந்த பல்செட்டை ஒட்டித் தருவதற்காகப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த திரவம். இளஞ்சிவப்புத் தூளோடு கலந்தால் ஈறு மாதிரி இறுகும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக்கையே கரைக்கும். எட்டு வருஷமாக அதே பாட்டிலோடு குடித்தனம் நடத்துகிறவன், பதற்றத்தில் எதை எடுத்திருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

பஞ்சை அதில் நனைத்து விமானி அறைக்குள் விட்டு நன்றாகத் தேய்த்தான். குப்பென்று வாசனை வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணெதிரே விமானியின் நாற்காலி மெதுவாக முன்னால் குனிந்தது.

“என்னடா அது, எனக்கு வணக்கம் சொல்லுது?”

“உருகுதுக்கா! உருகுது!” செட்டுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

கைவசம் இருந்த ஒரே வைத்தியம் அந்த இளஞ்சிவப்புத் தூள்தான். குழைத்து நாற்காலிக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். புருவம் திருத்துகிற இடுக்கியால் அக்கா நாற்காலியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். இறுகும்வரை அசையக் கூடாது. அசையாமல்தான் பிடித்திருந்தாள், பாவம்.

மேஜை மேல் செல்போன் அலறியது. அக்காவின் கையும் அலறியது.

“கிளம்பிட்டாங்க! பாதி வழி வந்திருப்பாங்க!” என்றது கண்ணாடிக் கடைக்காரியின் குரல்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து கல்லாக இறுகியிருந்தது. சாதாரண இறுகலா? பத்து வருஷ உத்தரவாதம் கொடுக்கிற இறுகல். அதைச் சுற்றிலும் இளஞ்சிவப்பாக ஈறு.

“ரெண்டு பல்லு வச்சா சிரிக்கும்டா” என்றாள் அக்கா. அவன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

சிவப்பை மறைக்க வண்ணம் தேடினான். விமானி அறைக்கு முதலில் அடித்த பச்சை தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது கறுப்பு மட்டும். இருந்த அவசரத்தில் எல்லாவற்றையும் கறுப்பாக அடித்தான். உள்ளே பார்த்தால், அடுப்பில் வைத்து மறந்துபோன பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது.

“தூசி போட்டா கொஞ்சம் எடுபடும்” என்று முனகினான். “காய்ஞ்ச மண் கலர்ல, நைசா ஒரு பொடி வேணும்.”

“அது எங்கிட்ட இருக்குடா!” அக்கா உள்ளே ஓடி, கைப்பையைக் கவிழ்த்து, ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். கண் இமைக்குப் போடுகிற பொடி. மண் நிறமேதான். அக்கா தெய்வம் என்று அந்த நொடி செட்டு மனசார நினைத்தான். பொடியைத் தொட்டுத் தொட்டு எங்கும் அப்பினான். நன்றாகப் பார்ப்பதற்காக மேஜை விளக்கைப் போட்டான்.

விமானி அறை ஜொலித்தது. தரை மினுமினுத்தது, மீட்டர் மினுமினுத்தது, சாய்ந்த நாற்காலி மேடை நடிகை மாதிரி மினுமினுத்தது.

“அக்கா... இது என்ன பொடி?”

“பார்ட்டிக்குப் போடறதுடா. லேசா மின்னும்.”

“லேசாவா!”

“எனக்கென்னடா தெரியும், உன் விமானத்துக்குக் கண்ணு சிவக்கக் கூடாதேன்னு நல்ல கம்பெனி சரக்காத்தான் கொடுத்தேன்!”

ஊதிப் பார்த்தான், போகவில்லை. நல்ல கம்பெனி சரக்கல்லவா! தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூடிவிட வேண்டியதுதான், வேறு வழியே இல்லை. கண்ணாடி மூடியை எடுத்து, ஓரமெல்லாம் நொடியில் ஒட்டுகிற பசையைப் பிதுக்கி, விமானி அறை மேல் வைத்து அழுத்தினான். ஒட்டிக்கொண்டது.

அந்தப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடிப் பிளாஸ்டிக் வெளுத்துப் போகும். மாடல் செய்கிற பொடியன்களுக்குக் கூடத் தெரிந்த பாடம். அவனுக்கும் தெரியும். தெரிந்தது, அழுத்திய பிறகு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளிங்கு மாதிரி இருந்த மூடி உள்ளுக்குள் பால் கொட்டியதுபோல் வெண்மையாக மங்கியது. பிய்க்கப் பார்த்தான். அசையவில்லை.

“போச்சு” என்றான் செட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டான். “என் கல்யாணமே போச்சுக்கா.”

அழைப்பு மணி அடித்தது.

“அழறதை அப்புறம் வச்சுக்கோ” என்ற அக்கா, கொடியில் கிடந்த துண்டை உருவி விமானத்தின் மேல் போட்டாள். இறக்கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் கதவு திறந்தாகிவிட்டது.

மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி, எப்போதும் எதையாவது பார்த்து வியந்துகொண்டே இருக்கிற அம்மா, ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, “நல்ல துணி” என்றார். மீசைக்காரர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்ன தம்பி?”

“கிளிக்கூண்டுங்க” என்று முந்திக்கொண்டாள் அக்கா. “கிளி தூங்குது.”

“கிளிக்கு இவ்வளவு நீளத்துக்கா றெக்கை?”

கேட்டுக்கொண்டே எழுந்தவர், ஒரே இழுப்பில் துண்டை எடுத்தார்.

செட்டு கண்ணை மூடிக்கொண்டான். ஏச்சு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தான். மீசைக்காரர் செல்போன் விளக்கைப் போட்டு, பக்கவாட்டு ஜன்னல் வழியாக விமானி அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“இது... யாரு சொன்னா உனக்கு?”

“மன்னிச்சிடுங்க மாமா. நல்லா பண்ணணும்னுதான்...”

“யாரு சொன்னான்னு கேக்கறேன்!” குரல் உடைந்தது. “மீட்டரெல்லாம் கருகிப் போயி. சீட்டு இடது பக்கமா இப்படியே சாஞ்சு. கண்ணாடி நொறுங்கி, தூளெல்லாம் தரையில மினுமினுன்னு. புகை, இதே புகை. அப்படியே இருக்கு. இதை நான் எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? கதை விடறேன்னு சிரிப்பானுங்க.”

செட்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா திறந்த வாயை மூடாமல் நின்றாள்.

“யாரும் சொல்லலை மாமா” என்றான். “அதுவா... வந்துது.” பாருங்கள், அது மட்டும் சத்தியமான வார்த்தை.

மீசைக்காரர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசை நனைந்தது. பிறகு எழுந்து செட்டின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

“பல்லு செய்யறவன்னு உன்னை ஏளனமா நினைச்சுட்டேன் தம்பி. ஒரு பழைய போட்டோவைப் பார்த்துட்டு, கேக்காமலே இத்தனையும் கண்டுபிடிச்சவன், என் பொண்ணு மனசுல இருக்கறதையும் கண்டுபிடிச்சுப்பான். எனக்குச் சம்மதம். இரு, அவகிட்ட நானே சொல்றேன்.”

போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். “அம்மாடி...” என்று அவர் சத்தமாக ஆரம்பிப்பது கேட்டது.

செட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தான். எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவரான பிறகு இப்படியும் ஒரு மனுஷனுக்கு நடக்குமா! நினைக்க நினைக்க மீசைக்காரர் மேல் மரியாதை பொங்கியது. கருகிய மீட்டரையும் உருகிய நாற்காலியையும் வைத்துக்கொண்டு, புகைக்குள் கண் தெரியாமல், வானத்திலிருந்து உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறாரே! அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“அத்தை” என்றான், விமானத்தின் வாலை வியந்து தடவிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம். “இந்த நிலைமையில இருந்த விமானத்தை மாமா எப்படி அத்தை ஓட்டிக்கிட்டு வந்து தரையிறக்கினாரு?”

அந்த அம்மா திகைத்துப்போய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவரா ஓட்டினாரு? அது எதிரி விமானம், விழுந்த பிறகு உள்ள ஏறிப் போட்டோ எடுத்துக்கிட்டாரு! ஓட்டினவன் பாராசூட்டுல குதிச்சுத் தப்பிச்சுட்டான் தம்பி, கீழேருந்து பீரங்கியால சுட்டுத் தரையிறக்கினதுதான் உங்க மாமா!”