எண் வைத்தியரும் எடை ஆய்வாளரும்

எண் வைத்தியர் வந்துவிட்டார்!

செய்தி லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள், கூட்டம் படிக்கட்டில் இறங்கித் தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. பல் டாக்டர், வாயில் பஞ்சோடு இருந்த நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் டியூஷனை நிறுத்திவிட்டு வந்தார். தையல்காரர் கடையில் நிற்க இடமில்லை. ஏதாவது இலவசமாகக் கொடுக்கிறார்களா என்று நினைத்துவிடாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கத்தான் இத்தனை தள்ளுமுள்ளு. அது அப்போது யாருக்கும் தெரியாது.

வைத்தியர் வியாதி பார்ப்பவர் அல்லர், இணையம் பார்ப்பவர். வீட்டில் இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்தால் அவரைக் கூப்பிட வேண்டும். கதவு எண்ணைக் கேட்பார். வீட்டம்மாவின் பிறந்த தேதியைக் கேட்பார். இரண்டையும் கூட்டுவார், கழிப்பார், கண்ணை மூடி உதட்டை அசைப்பார். "உங்க வீட்டு டிஎன்எஸ் உங்களுக்கு ஒத்துக்கல" என்பார். டிஎன்எஸ் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடுமே!

பிறகு ரௌட்டருக்குள் இருக்கும் பழைய எண்ணை எடுத்துவிட்டு, அந்த வீட்டுக்கென்றே கணித்த ரகசிய எண்ணைப் போடுவார். நடுநடுவே புள்ளி வைத்த எண். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரௌட்டரின் அடியில் ஒட்டி, மேலே கறுப்பு டேப்பும் ஒட்டிவிடுவார். "யாரும் பிரிச்சுப் பாக்கக் கூடாது. பாத்தா வேகம் கசிஞ்சு போயிடும்." தட்சிணை, ஒரு மாத இணையக் கட்டணம்.

எண் போட்ட வீடுகளில் நடந்த அற்புதங்களுக்குக் கணக்கே இல்லை. தன் வீட்டு டிவியில் நிறமே கூடிவிட்டதாகக் கணக்கு டீச்சர் சொன்னார். வாஷிங் மெஷின்கூடச் சீக்கிரம் துவைத்து முடிப்பதாகப் பல் டாக்டர் சொன்னார். படித்தவர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டு, கையில் ஸ்டாப் வாட்சோடு, வைத்தியரின் வலது பக்கம் நின்றவர் யார் என்கிறீர்கள்? நான்காம் மாடி எடை ஆய்வாளர். சாதாரண ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்தவர். மீன் கடைக்காரரின் சுண்டு விரல் தராசைத் தொடுவதைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தே பார்த்தவர். கைரேகை, கிளி ஜோசியம் எதையும் அண்டவிடாதவர். "என் காதுல யாரும் பூ சுத்த முடியாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். அந்தக் காதில்தான் வைத்தியர் ஒரு பூந்தோட்டமே போட்டிருந்தார்.

ஆய்வாளரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு அவசரம் இருந்தது.

அவர் மனைவி சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று, பேச்சைக் கையாலும் கையைப் பேச்சாலும் சொல்கிறவர். பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு வருடம் அந்த வேலையை விட்டிருந்தார். இப்போது வீட்டிலிருந்தே வீடியோவில் அந்த வேலையைச் செய்ய ஓர் இடம் காலியாக இருந்தது. தேர்வும் வீடியோவில்தான். முதல் தேர்வில் அவர் கை, "வலி எங்கே?" என்று கேட்கப் பாதி தூரம் உயர்ந்தது. படம் அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது தேர்வாளர் அடுத்த ஆளுக்குப் போயிருந்தார். மனைவி கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி. அதுவும் போனால் அவ்வளவுதான்.

அதனால்தான் ஆய்வாளர் திங்கட்கிழமையே வைத்தியரை அழைத்தார். மனைவியின் பிறந்த தேதியைச் சொன்னார். (தவறாகச் சொன்னார். அது தனிக் கதை. அன்று அவருக்குச் சாப்பாடு கிடைத்ததே பெரிது.) வைத்தியர் தன் டேப்லெட்டில் ஒரு பூக்கடையின் பக்கத்தைத் திறந்தார். நாற்பது படங்கள் நிரம்பி வரப் பதினோரு விநாடி. எண்ணை மாற்றினார். மறுபடி திறந்தார். இரண்டே விநாடி! ஆய்வாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினொன்று எங்கே, இரண்டு எங்கே! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"எண்ணு யார் கண்ணுலயும் படாம பாத்துக்குங்க சார்" என்றார் வைத்தியர். ஆய்வாளர் ஒரு படி மேலே போனார். ரௌட்டரைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள் வைத்து, வயரைப் பின்பக்க ஓட்டை வழியாக விட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி தன் தோழியோடு வீடியோவில் ஒத்திகை பார்த்தார். முன்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்த படம், இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்தது. தோழி போனில் அழைத்து, "என்னடி, சிலை மாதிரி நிக்கிறே?" என்றாள்.

மனைவி போனை வைத்துவிட்டுக் கணவரிடம் வந்தார். "ஏங்க, எண்ணு போட்டதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு."

"புது எண்ணு. பழகறதுக்கு நாள் ஆகும்."

"செருப்பா, பழகறதுக்கு? சரி, ஒண்ணு கேக்கறேன். கடைக்குச் சோதனைக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் குஷி. "தட்டுல ஒண்ணும் வைக்கக் கூடாது. காலித் தட்டுல முள்ளு பூஜ்யத்துல நிக்குதான்னு பாக்கணும். அதைப் பாக்காம எடை போட்டா அது சோதனையே இல்ல."

"அந்த ஆளு வந்தப்ப காலித் தட்டைப் பாத்தீங்களா?"

"இதுல ஏதுடி தட்டு? இது இணையம்! இதுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை வேணும்."

சொல்லி முடித்த பிறகு அந்த வாக்கியம் அவருக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. காந்தம் ஒட்டிய தராசுக்காரர் சொன்னது. அன்று அந்த ஆளுக்கு இவர் அபராதம் போட்டிருந்தார். தனக்கு யார் போடுவது? அந்த நினைப்பை அங்கேயே அமுக்கிவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம், தையல்காரர் கடை. தையல்காரருக்கு எண் போடும் வைபவம். வைத்தியர் டேப்லெட்டைத் தையல்காரரின் இணையத்தோடு இணைத்து, இந்தத் தடவை ஒரு நகைக்கடையின் பக்கத்தைத் திறந்தார். ஆய்வாளர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

"பன்னிரண்டு விநாடி!" என்று அறிவித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. தையல்காரர் குற்றவாளி மாதிரி தலைகுனிந்தார்.

"பாத்தீங்களா? இப்ப இவருக்குரிய எண்ணைப் போடறேன்" என்று வைத்தியர் ரௌட்டரை நோக்கிக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றது ஒரு குரல். ஆய்வாளரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எண்ணைப் போடாமலே அதே பக்கத்தை இன்னொரு தடவை திறங்க."

வைத்தியர் சிரித்தார். "அதெப்படிம்மா? எண்ணு போடாம ரெண்டாந்தடவை திறந்தா லைன் சூடாயிடும்."

"சூடானா ஆறட்டும். பக்கத்துலதான் டீக்கடை இருக்கு, உக்காந்து ஆற வைப்போம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைத்தியர் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "நம்பிக்கை இல்லாதவங்க முன்னாடி வேலை செய்யாதும்மா. சார், நீங்களே சொல்லுங்க! உங்க வீட்டுல கண்ணால பாத்தீங்க இல்ல?"

கூட்டம் மொத்தமும் ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தது. மனைவியும் பார்த்தார். கையைத் தட்டு மாதிரி விரித்து, வெறும் உள்ளங்கையைக் காட்டினார். சைகை மொழி தெரியாதவருக்கும் அது புரியும்.

ஆய்வாளர் மனதுக்குள் எடை போட்டார். திறந்து பார்த்து வித்தை பொய் என்று தெரிந்தால், இத்தனை பேர் முன்னால் அசடு வழிய வேண்டியவர் வைத்தியர் மட்டும் இல்லை. ஐந்து மாடிக்கும் இவரைச் சிபாரிசு செய்தவர் யார்? வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? பேசாமல் வைத்தியர் பக்கமே நின்றுவிட்டால் மானம் தப்பும். ஆனால் நாளை காலை பத்து மணிக்கு அந்தக் கை மறுபடி பாதியில் நின்றுவிடும். அதை நினைத்ததும் அவருக்கு மானம் பெரிதாகத் தெரியவில்லை.

"குடுங்க" என்று டேப்லெட்டை வைத்தியர் பிடியிலிருந்து உருவினார். மீன் கடையில் விரலைப் பிடித்த அதே வேகம். எண்ணை மாற்றவில்லை. கண்ணை மூடவில்லை. பக்கத்தை மூடி மறுபடி திறந்தார். வாட்சை அமுக்கினார்.

இரண்டு விநாடி.

"இன்னொரு தடவை" என்றார் பல் டாக்டர். இரண்டு விநாடி. கணக்கு டீச்சர் வாங்கித் தானே திறந்து பார்த்தார். அதே இரண்டு விநாடி.

"முதல் தடவை படமெல்லாம் வெளியிலிருந்து வருது, நேரமாகுது" என்றார் மனைவி. "வந்த படத்தை டேப்லெட் எடுத்து வெச்சுக்குது. ரெண்டாந்தடவை வீட்டுக்குள்ள இருக்கறதையே எடுத்துக் காட்டுது. எண்ணு போட்டாலும் ரெண்டு, போடாட்டியும் ரெண்டு."

இதற்குள் பல் டாக்டர் மாடிக்கு ஓடித் தன் ரௌட்டரையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். கணக்கு டீச்சரும் போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். கறுப்பு டேப்பைப் பிரித்தார்கள். ஆளுக்கொரு பிறந்த தேதி, ஆளுக்கொரு கதவு எண். சீட்டில் மட்டும் ஒரே எண்!

வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "டிஎன்எஸ்னு ஒண்ணு இல்லவே இல்லையா? நான் பொய்யா சொன்னேன்?"

"இருக்கு" என்றார் மனைவி. "நாம தளத்தோட பேரைச் சொன்னா அது எங்க இருக்குன்னு எண்ணைச் சொல்ற விசாரணை மேசைதான் அது. மேசையை மாத்தினா சில வீட்டுல வழி கேக்கற நேரம் கொஞ்சம் மிச்சமாகலாம். ரோடு அகலமாகாது. யார் வேணா சும்மாவே மாத்திக்கலாம், எண்ணு ஊரறிஞ்சது. அதுக்கு எதுக்கு என் பிறந்த தேதி? அதுவும் தப்பான தேதி?"

கடைசிக் கேள்வி வைத்தியருக்குப் போனதா, கணவருக்குப் போனதா என்று தெரியவில்லை. அடுத்த கட்டிடத்தில் அவசரமாக ஒரு வீடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தியர் கம்பி நீட்டினார். பொய் இல்லை. அங்கேயும் ஒரு கூட்டம் காத்திருந்தது.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். ரேடியோ அலையில் வேலை செய்யும் பெட்டியை இரும்புக்குள் பூட்டி வைத்துவிட்டு, அலை வரவில்லை என்று அழுத மேதை இந்த வட்டாரத்தில் தான் ஒருவர்தான் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி மறுக்கவில்லை. ஆய்வாளர் அளவு டேப்பை எடுத்து ஹாலிலிருந்து மனைவியின் அறை வரை அளந்தார். பன்னிரண்டு மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு வயர் வாங்கிவந்து, ரௌட்டரையும் மனைவியின் கம்ப்யூட்டரையும் நேராக இணைத்தார். எண்ணை அப்படியே விட்டுவிட்டார். அது நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் மனைவியின் முதுகும் கைகளும் தெரிந்தன. கைகள் கேட்டன, சொன்னன, தேற்றின. நாற்பது நிமிடம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆய்வாளருக்குச் சைகை மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி சாயங்காலம் வந்தது. அவர் பீரோ சாவியை மனைவியிடமே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கூட்டம். பல் டாக்டர், கணக்கு டீச்சர், தையல்காரர், பின்னால் அடுத்த கட்டிடத்துக்காரர்கள்.

"சார், வயர் போட்டீங்களாமே! உடனே வேலை கிடைச்சிடுச்சாமே!" என்றார் பல் டாக்டர்.

"அந்த வயர் என்ன கலர் சார்?" என்று கேட்டார் தையல்காரர்.

"பன்னிரண்டு மீட்டர்தான் ராசியா? எங்களுக்குப் பதினொண்ணு ஒத்துக்குமா?" என்றார் கணக்கு டீச்சர்.

எல்லோரும் பயபக்தியோடு ஆய்வாளரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தப் பார்வை அவருக்கு இனித்தது. நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. 'நீலம்' என்று சொல்ல நாக்கு மேல்பல்லைத் தொட்டுவிட்டது. எண் வைத்தியர்களை யாரும் பெற்றுப்போடுவதில்லை, வாசலில் வந்து நிற்கிறவர்கள்தான் உருவாக்குகிறார்கள் என்று அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்தது.

"இதோ பாருங்க" என்றார். "இருபத்திரண்டு வருஷம் தராசு பாத்தவன் நான். ஒரு கறுப்பு டேப்புகிட்ட ஏமாந்தேன். என்னைப் போய் நம்பறீங்களே, உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? கலரைக் கேக்காதீங்க, காரணத்தைக் கேளுங்க. போய் உங்க வீட்டை நீங்களே அளந்து பாருங்க!"