எலுமிச்சம்பழமும் தாழ்ந்த ஹேண்டலும்

புது ஹேண்டலை இடப்பக்கம் திருப்பியதும் அதன் முனை பெட்ரோல் டாங்கில் இடித்தது. தேவதாஸ் மறுபடி திருப்பிப் பார்த்தார். மறுபடி இடித்தது. அறுபது வருடப் பைக்கின் டாங்கில் இப்போது இரண்டு பள்ளங்கள்.

"என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து லீலாவதி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல லா. செட்டாகுது."

பழைய ஹேண்டல் உயரமானது. லீலாவதியின் தம்பி மகேந்திரன் தன் பைக்குக்குத் தாழ்ந்த ஹேண்டல் போட்ட கையோடு வந்து சொன்னான்: "மாமா, உங்க பைக்கப் பாத்தா எஸ்டேட் மாடு கொம்பத் தூக்கிக்கிட்டு வர்ற மாதிரியே இருக்கு."

அன்றே கொம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். திரும்பக் கேட்க வழியில்லை.

லீலாவதி வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்குப் பழைய பைக் சங்கத்து ஊர்வலம் போங்க. வேணாங்கல. ஆனா மூணு தடவ பாதி வழியில நின்னு வந்த மாதிரி இந்தத் தடவையும் பைக்கு ஏத்துற சேது லோரியில வந்து எறங்கினா, பைக்கு நேரா பழைய இரும்புக்குத்தான். எனக்குத் துணி காயப்போட எடம் வேணும்."

"எறங்க மாட்டேன்."

டாங்கைக் காப்பாற்ற, ஜப்பான் சிலிப்பர் ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி இடிக்கும் இடத்தில் ஒட்டினார். இடிப்பது நின்றது. திரும்புவதும் பாதி நின்றது. ஹேண்டல் தாழ்ந்ததால் கிளட்ச் கேபிள் நீண்டு தொங்கியது. அதை ராஃபியா கயிற்றால் இழுத்துக் கட்டினார். இப்போது ஹேண்டல் வலப்பக்கம் தாராளமாகத் திரும்பியது. இடப்பக்கம் மரியாதைக்குத் தலையசைத்தது.

மறுநாள் காலை, கோலா சிலாங்கூர் கோயில் வாசலில் ஐந்து பழைய பைக்குகள் நின்றன. பூசாரி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பிறகு ஒவ்வொரு ஹேண்டலிலும் ஒரு பழத்தைக் கட்டிவிட்டார். உயர்ந்த ஹேண்டல்களில் அது காற்றில் ஆடியது. தேவதாஸின் ஹேண்டலில், சிலிப்பருக்கும் கம்பிக்கும் நடுவே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

அவர் முடிச்சில் கை வைத்தார்.

"சாமி கட்டுனத அவுக்காதீங்க!" என்றாள் வழியனுப்ப வந்த லீலாவதி.

மெதுவாகப் போகிற பைக் முன்னால் போவது சங்கத்து வழக்கம். தேவதாஸ் முன்னால் போனார். நேர் சாலையில் எந்தக் குறையும் இல்லை. சுங்கை ஆயர் தாவாருக்குப் போகிற வழியில் வட்டச்சாலை வந்தது. வலப்பக்கம் வளைந்து வட்டத்துக்குள் போய்விட்டார். வெளியேற இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை.

இரண்டாவது சுற்றில் முழங்காலால் பழத்தை நசுக்கினார். சாறு கால்சட்டையில் வழிந்தது. தோல் அங்கேயே இருந்தது. நிறுத்தவும் பயம். சூடான எஞ்சின் நின்றால் அன்றைக்கு மறுபடி கிளம்பாது. கிளம்பாவிட்டால் லோரி.

மூன்றாவது சுற்றில் பின்னால் வந்த நால்வரில் மூவர் கையசைத்துவிட்டு இடப்பக்கம் பிரிந்து போனார்கள். மகேந்திரன் மட்டும் போகவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே சுற்றினான். தேவதாஸுக்குக் கண் கலங்கியது.

ஒன்பதாவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. வட்டத்தின் நடுவிலிருந்த புல்திட்டு ஓரமாக நின்றார். மகேந்திரனும் பின்னால் வந்து நிறுத்தினான்.

"நீ போயிருக்கலாமே மச்சான்."

"உங்கள விட்டுட்டா? என்ன மாமா பேச்சு இது!"

தேவதாஸ் டாங்கருகே குந்தி எலுமிச்சைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கொடி கண்முன் ஆடியது. வேறு வழியின்றிச் சேதுவைக் கூப்பிட்டார்.

"லோரியா? வந்துக்கிட்டே இருக்கேண்ணே," என்றான் சேது.

சொன்னபடி ஐந்தே நிமிடத்தில் வந்தான். பலகையைச் சாய்த்து வைத்தான். தேவதாஸ் தன் பைக்கைப் பலகைக்கு நேராகத் தள்ளினார்.

சேது கையை நீட்டித் தடுத்தான்.

"நீங்க தள்ளிக்கிட்டே போயிருங்கண்ணே. லோரியில ஒரு பைக்குக்குத்தான் எடம். மகேந்திரன் அண்ணன் உங்களுக்கு முன்னாடியே போன் போட்டுட்டாரு, அவருக்கும் லெஃப்ட் திரும்பலையாம்."