ஏழு பேர் உட்காரலாம், நாலு பேர் தள்ளலாம்

நான் செய்த முட்டாள்தனங்களை நீளவாரியாக அடுக்கினால் முதலில் வந்து நிற்பது ஒரு கார். கறுப்பு நிறம், தோல் இருக்கை, மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை, வெளிநாட்டுக் கம்பெனி. ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

வாங்கியது என் கணவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்வந்து, அதில் ஒரு குறையும் காணாத மனிதர். வாங்கியது நான்தான். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். (குளிர்காலம் வந்தால் "ஊழியர்கள் கூடியவரை பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தவும்" என்று சுற்றறிக்கை தயாரிப்பது என் செக்‌ஷன்தான். சிரிக்க வேண்டாம்.)

தில்லியில் டீசல் காருக்குச் சட்டப்படி பத்து வயதோடு ஆயுள் முடிந்துவிடும். அதனால் ஒன்பது வயதில் பணக்காரர்கள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். என்னைப் போன்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு வாங்குவார்கள். சின்னக் கார் விலைக்குக் கப்பலே கிடைத்தது என்று ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கப்பலின் பசி தெரிந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கப் போய்வந்தால், வாங்கின சாமானைவிட டீசல் அதிகம். ஆயில் மாற்றப் போன இடத்தில் ஏ.சி. அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். பில்லைப் பார்த்ததும், அந்தக் காபியை இன்னும் கொஞ்சம் நிதானமாகக் குடித்திருக்கலாம் என்று தோன்றியது. மாதக் கடைசியில் டேங்க்கின் முள்ளைப் பார்த்தாலே எனக்கு அசதி வரும். பக்கத்து வீட்டுக்காரர்களோ, மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் மூன்று வண்டி நிற்கிற இடத்தை ஒரே வண்டி அடைத்துக்கொண்டதென்று என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில் என் மகள் யாழினி, கூட வேலை பார்க்கும் கார்த்திக்கைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்றாள். பையன் தங்கம். அவனைப் பெற்றவர்கள் நாமக்கல்லில் இருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். காருக்கு முன்னால் மூன்று பேரும் நின்று எடுத்த போட்டோவை அனுப்பிவைத்தேன். (எங்கள் முகத்தைவிட காரின் முகம்தான் அதில் தெளிவு.)

அவர்கள் வந்திறங்கிய நாளில் கார்த்திக் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தான். ஊரெல்லாம் புகை. சூரியன் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலைமை.

"மம்மி, பிளீஸ், கேப் புக் பண்ணிக்கலாம். இது பஹுத் ஓவர்" என்றாள் யாழினி.

"கூப்பிட வர்ற வண்டியை வச்சுத்தாண்டி மரியாதை" என்றேன். மூன்று பேருமாக ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம்.

வாத்தியாரும் அவர் மனைவி லலிதாம்மாவும் அந்தத் தோல் இருக்கையின் நுனியில், அழுக்காகிவிடுமோ என்பதுபோல உட்கார்ந்தார்கள். நான் கூரையைத் திறந்து காட்டினேன். புகை உள்ளே வந்தது. லலிதாம்மா இருமினார். மூடினேன். வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சம்பந்தம் நடக்காது என்பது அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிட்டது.

வழியில் டீசல் விளக்கு எரிந்தது. பங்க்கில் நுழைந்ததும் அங்கிருந்த கேமரா என் நம்பரைப் படித்து, ஒலிபெருக்கியில் உரக்க அறிவித்தது. புகைச் சான்றிதழ் காலாவதி. மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"மேடம்ஜி, பொல்யூஷன் நஹீ ஹை. தேல் நஹீ மிலேகா" என்று பங்க் ஊழியர் கையை விரித்தார். தில்லியில் புகைச் சான்றிதழுக்கே 'பொல்யூஷன்' என்றுதான் பெயர்; அது இல்லாவிட்டால் டீசல் கிடையாது.

பக்கத்திலேயே புகைச் சோதனைக் கூண்டு இருந்தது. அங்கே ஓட்டிப்போய் நிறுத்தினேன். புகைக்குழாயில் கருவியைச் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன். பின்னால் கரேலென்று ஒரு மேகம் எழுந்தது. காற்று வாங்க இறங்கி நின்ற லலிதாம்மா அதற்குள் காணாமல் போனார். இருமல் சத்தம் மட்டும் கேட்டது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர்ப் புகையைக் குறைசொல்லிக்கொண்டே அதில் என் பங்கையும் ஊதியிருக்கிறேன், அதுவும் என் மகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வந்தவர் முகத்தில்.

சோதனையில் வண்டி ஃபெயில். மிச்சமிருந்த டீசலையும் அந்தச் சோதனையே குடித்துவிட்டதால் எஞ்சினும் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"எத்தனை வருஷத்து வண்டிங்க இது?" என்று வாத்தியார் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

நான் புதுசு மாதிரிதான் என்று ஆரம்பிப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "சார், இது ஒன்பதரை வருஷப் பழசு. இன்னும் ஆறு மாசத்துல இதுக்குக் கருமாதி. அதான் சல்லிசா குடுத்தாங்க. வாங்க ஆன செலவைவிட ஓட்ட ஆவுற செலவுதான் எங்களைத் தின்னுது. நாங்க சம்பளத்துல பொழைக்கறவங்க, சார்."

தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே லலிதாம்மா வந்தார். மூக்கு நுனியில் கரி. என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமலும் சேர்ந்துகொண்டு நிற்கவேயில்லை.

"அட கடவுளே! அந்தப் போட்டோவப் பாத்துட்டு நாங்க ரெண்டு பேரும் தூங்கவே இல்லீங்க. இத்தாம்பெரிய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு நாம எங்க ஈடு குடுக்கறது, நேர்ல போயி பக்குவமா வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தரலாம்னுதான் வந்தோம்" என்றார். பிறகு தலைப்பை இடுப்பில் செருகினார். "கண்ணு, நீ போயி ஸ்டேரிங்கப் புடி. சம்பந்தியம்மா, நீங்க அந்தப் பக்கம் கை வைங்க. நான் இந்தப் பக்கம் தள்ளறேன்."

சம்பந்தியம்மா. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் ஓடிப்போய் அந்தப் பக்கம் கை வைத்தேன். யாழினி ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நாலு பேரும், பரிதாபப்பட்டு வந்த பங்க் ஊழியர்களுமாக அந்தக் கப்பலை ஓரங்கட்டினோம். எல்லோரும் மெட்ரோவில் வீடு வந்து சேர்ந்தோம். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்ததை லலிதாம்மா நாமக்கல்லில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொன்னார்.

காரை உடைக்கக் கொடுத்தாயிற்று. கல்யாணமும் தில்லியில், அதே புகைக் காலத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் பெரிய கார் பேசலாம் என்று நான் வாயெடுத்தேன். இரண்டு வீட்டிலும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சாமந்தி மாலை சுற்றிய ஈ-ரிக்‌ஷாவில் கார்த்திக் கோட்டு சூட்டோடு முட்டியை மடக்கி உட்கார்ந்து வந்தான். நாதஸ்வரக்காரரே நடந்து அதை முந்திவிட்டார்.

ஆரத்தித் தட்டோடு நான் நெருங்கியபோது லலிதாம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க சம்பந்தியம்மா, மொதல்ல பொல்யூஷன் இருக்கான்னு கேளுங்க."

இப்போதும் என் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்குவதென்றால்கூட, நாமக்கல்லிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.