பத்துக்குப் பத்தும் ஒரு குடைக்கம்பியும்

மனிதகுலம் கண்டெடுத்த ஆனந்தங்களில் தலைசிறந்தது, திருப்பிச் சுடாத ஒரு பலகையைச் சுடுவதுதான். இந்தப் பேருண்மை 1936-ஆம் வருஷத்துச் சாரல் காலத்தில், குற்றாலம் மலையடிவாரத்தில், பலத்த கைதட்டலுக்கிடையே ஒருமனதான தீர்மானமாக நிறைவேறியது. நிறைவேற்றியவர்கள் 'குற்றாலம் ஸீஸன் ரைபிள் கிளப்' அங்கத்தினர்கள். அவர்களில் பாதிப்பேர் அதிகாரிகள். மீதிப்பேர் அதிகாரிகளிடம் காரியம் ஆகவேண்டியவர்கள்.

காரியம் ஆகவேண்டிய இன்னொருவரும் அங்கே இருந்தார். ஆனால் அவர் குழிக்குள் இருந்தார். குத்துக்கல்வலசை உச்சிமாகாளிக்கு மலையடிவாரத்தில் ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவுக்கு வயல். பயிர் வைப்பது அவர். அறுவடை செய்வது காட்டுப்பன்றிகள். பன்றியைச் சுட ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னி என்ன, உங்க மனுவப் படிச்சுப் பாத்துட்டா வயலுக்கு வருது?" என்று கேட்டாள் மனைவி முப்பிடாதியம்மாள். "இந்தக் கார் வெள்ளாமையும் போச்சுன்னா வெதநெல்லுக்கே வழி கெடையாது, பாத்துக்கிடுங்க."

மனு கிடந்தது டிப்டி கலெக்டர் எசமானின் மேசையில். டிப்டி எசமான்தான் கிளப்பின் தலைவர். ஆகவே கிளப் காரியதரிசி வக்கீல் சுந்தரபாண்டியன், "குழி வேலைக்கு வாரும்வே, மனு தன்னால நகரும்" என்று சொன்னதும் உச்சிமாகாளி உடனே ஒப்புக்கொண்டார்.

பலகைக்கு அடியில், மண்மேட்டுக்குப் பின்னால், ஒரு குழி. ஒவ்வொரு வெடிக்கும் குழிக்குள் இருப்பவர் பலகையை இறக்கி, குண்டு பட்ட ஓட்டையைத் தேடி, தகடு கட்டிய கம்பை உயர்த்திக் காட்டவேண்டும். குண்டு படவில்லையென்றால் சிவப்புக் கொடியை ஆட்டவேண்டும். முதல் நாள் டிப்டி எசமான் பத்துக் குண்டு சுட்டார். உச்சிமாகாளி பத்துத் தடவை சிவப்புக் கொடியை ஆட்டினார். வக்கீல் குழிக்கு ஓடி வந்தார்.

"என்னவே, ரயிலா நிறுத்துதீரு?"

"பலகையில ஓட்டையே இல்லியே, வக்கீலய்யா. ஒரு குண்டு அருவிப் பக்கமாப் போச்சு. மத்ததெல்லாம் எங்கன போச்சுன்னு தெரியல."

"ஓட்டை இல்லேன்னா உமக்குக் கையுமா இல்ல?" என்ற வக்கீல், தம் பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை ஒடித்துக் கொடுத்தார்.

அன்றுமுதல் வெடிச்சத்தம் கேட்டால் உச்சிமாகாளி நடு வட்டத்தில் ஒரு குத்து. கிளப்பில் பொங்கிய 'ஊக்கம்' கொஞ்சநஞ்சமல்ல. சளி பிடித்த ஒரு டாக்டர் தும்மிக்கொண்டே சுட்டு ஒன்பது அடித்தார். ஒரு நாள் யாரோ கோலி சோடா உடைத்த சத்தத்துக்கும் நடு வட்டம் கிடைத்தது. அதையும் டிப்டி எசமான் அடித்ததாகவே வைத்துக்கொண்டார்கள். பத்துக்குப் பத்து எடுத்த அவர், "மூச்சை அடக்கு, மனத்தை ஒடுக்கு, ஆனந்தம் தானே வரும்" என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். குழிக்குள் உச்சிமாகாளியும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். எசமானின் குண்டு எந்தத் திசையில் வரும் என்று அவருக்குத் தெரியாதல்லவா?

இந்த ஊக்கம் தலைக்கேறித் திருநெல்வேலிக் கோஷ்டி ஒன்றைப் பந்தயத்துக்கு அழைத்தார்கள். வந்தவர்கள், கொஞ்சம்கூட நாகரிகம் இல்லாமல், குழிக்குத் தங்கள் ஆளையே கூட்டி வந்துவிட்டார்கள். அந்த ஆளிடம் குடை இல்லை.

கிளப்பின் முதல் மூன்று வீரர்கள் முப்பது குண்டு சுட்டார்கள். முப்பது சிவப்புக் கொடி. நல்லவேளை, திருநெல்வேலிக்காரர்களும் தங்கள் ஊரில் குடைக்கம்பியை நம்பித்தான் பழகினார்கள் போலும். அவர்கள் நாலு பேரும் சேர்ந்து அடித்ததே ஏழுதான். மிச்சம் டிப்டி எசமான் ஒருவர். அவருக்குத் திடீரென்று தோள் சுளுக்கிக்கொண்டது.

"மானம் போகுதே! யாராவது சுடுங்கவே" என்று வக்கீல் தவித்தார்.

தண்ணீர்ப் பானையருகே நின்ற உச்சிமாகாளி, "நான் சுடட்டுமாய்யா?" என்றார்.

"நீரா? நீரு எங்கனவே படிச்சீரு?"

"பஸ்ராவுல. ஜெர்மன் சண்டைக்கு சர்க்காரு கூட்டிட்டுப் போச்சுல்லா."

உச்சிமாகாளி ஈர மண்ணில் குப்புறப் படுத்தார். இது பட்டால் எசமான் மனம் இளகும், இந்த வருஷமாவது நெல் வீடு வந்து சேரும் என்று நினைத்துக்கொண்டே சுட்டார். பத்தும் நடு வட்டம். குத்தாமலே விழுந்த ஓட்டைகளைக் கிளப் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது.

முறை டிப்டி எசமானுடையது என்பதால் கோப்பையில் அவர் பெயரைப் பொறித்தார்கள். உச்சிமாகாளிக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

மறுவாரம் ஆபீஸில் எசமானே உத்தரவை வாசித்தார். "மனுதாரர் குறி தவறாமல் சுடக்கூடியவர் என்பதை நாமே நேரில் கண்டோம். அப்பேர்ப்பட்டவர் கையில் துப்பாக்கி இருப்பது பொது அமைதிக்குப் பங்கம். மனு தள்ளுபடி."

"எசமான் வீட்டுல மூணு துப்பாக்கி இருக்கே?"

"அவற்றால் இதுவரை யாருக்காவது ஆபத்து வந்தது உண்டா?"

நியாயமான கேள்வி. பன்றிகளே வந்து சாட்சி சொல்லும்.

உச்சிமாகாளி கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ராவுல நான் மனுவே போடலியே, எசமான். மனுசனைச் சுடுன்னு சர்க்காரே வலிய வந்து துப்பாக்கியத் தந்துது. பன்னியச் சுடத்தான் மூணு வருசமா யோசிச்சியளோ?"

எசமான் மூச்சை அடக்கினார், மனத்தை ஒடுக்கினார், மனுவின் நட்டநடுவில் சிவப்பு மசியால் ஒரு கோடு கிழித்தார். அந்த ஸீஸன் முழுவதிலும் குடைக்கம்பியின் உதவி இல்லாமல் அவர் குறி தவறாமல் அடித்தது அது ஒன்றுதான். பட்ட இடம், ஒரு சம்சாரியின் வயிறு.